மேலுதடு

"நல்லாத் தூங்குனியா?" என்று கணவர் கேட்டபோது அவருடைய மேலுதட்டின் இடது ஓரம் ஒரு தரம் ஏறி இறங்கியது.

அவ்வளவுதான். முழு விநாடிகூட இல்லை. கையில் காப்பிக் கோப்பை, தோளில் ஈரத்துண்டு, வாயில் பாதி மென்ற ரொட்டி, குரலில் எப்போதும் இருக்கும் பரிவு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, உதட்டின் அந்த ஓரம் மட்டும் தனியாக எழுந்து, கோரைப்பல்லையும் அதன்மேல் அப்பியிருந்த ஈர ரொட்டித் துணுக்கையும் காட்டிவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது. மூக்கின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய சுருக்கம் வந்து போனது. பிறகு அவர் அடுத்த வாயைக் கடித்தார்.

ஏழு ஃபிரேம் என்று அவள் மனம் தானாகச் சொன்னது. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆறு வருடமாக அதுவே பிழைப்பு என்பதால் வந்த கெட்ட பழக்கம்.

"தூங்கினேன். பாப்பா ரெண்டு தடவைதான் எழுந்தா" என்றாள்.

"பாவம்மா நீ" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் குளிக்கப் போனார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். விரல்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் வாடை உண்டு. கல்யாணமான புதிதில் அந்த வாடை அவளுக்குப் பிடித்திருந்தது. இன்று அது கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அவளுக்கு முதலில் தோன்றியது தன் மேல் ஏதோ நாறுகிறது என்பதுதான். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். தூங்கி எழுந்த வாயின் புளிப்பு இருந்தது. சட்டைக் கழுத்தை இழுத்து உள்ளே மூக்கை விட்டாள். இரவு கசிந்து காய்ந்த தாய்ப்பாலின் மொச்சை வாடை, வியர்வை, பாப்பாவின் எச்சில், எல்லாம் கலந்து தயிர்ச் சட்டியைக் கழுவாமல் விட்ட மாதிரி அடித்தது. சரி, அதுதான் காரணம் என்று நிம்மதிப்பட்டு, குளித்து, ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சுவைச் சோதனைக் கூடத்தில். பிஸ்கட்டோ பற்பசையோ புதிதாக எதையாவது தயாரிக்கிற கம்பெனிகள் அதைக் கடைக்கு அனுப்புமுன் இங்கே அனுப்பும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் கொடுப்பார்கள். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சும்மா கிடைத்ததை யார் குறை சொல்லப்போகிறார்கள்? வாய் சொல்வதை நம்பி எந்தக் கம்பெனியும் முதல் போடாது. அதனால் ஒவ்வொரு முகத்துக்கும் நேராக ஒரு கேமரா. பக்கத்து இருட்டறையில் அவளும் இன்னும் மூன்று பேரும் அந்த முகங்களை மெதுவாக ஓடவிட்டு, ஒரு விநாடியை முப்பது ஃபிரேமாகப் பிரித்து, மூக்கு எப்போது சுருங்கியது, மேலுதடு எந்தப் பக்கம் ஏறியது, எந்த ஃபிரேமில் தொடங்கி எதில் முடிந்தது என்று குறிப்பார்கள். முதல் கால் விநாடியில் வருவதுதான் நிஜம். அதற்குள் மரியாதை வந்து முகத்தை மூடிவிடும்.

ஐந்து வாரமாகக் குழந்தைகளுக்கான ஓர் இருமல் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு வாசனை போட்டு மறைக்கப் பார்த்த கசப்பு. குடித்தவர்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து திரை நிறைய வாய்கள்தான்: வெள்ளை படிந்த நாக்கை வெளியே தள்ளுகிற வாய், பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுச் சப்புகிற வாய், துப்பும் கோப்பைக்கும் உதட்டுக்கும் நடுவே அறுந்துபோகாமல் நீண்டுகொண்டே இருக்கும் எச்சில் நூல். ஒரு பெரியவருக்கு மருந்து மூக்கு வழியாக வந்தது. அதை அவள் நாற்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துப்பிய வாளிகளைக் கழுவும் மருந்துத் தண்ணீரின் நெடி இடுக்கு வழியாக வந்து மதியச் சாப்பாட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு முகத்தில் இருப்பது வெறுப்பா அருவருப்பா என்று சந்தேகம் வந்தால், அதே முகத்தைத் தன் முகத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். உதட்டை அதே அளவு ஏற்றி, மூக்கை அதே அளவு சுருக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால், உள்ளே ஏதாவது கிளம்பும். கிளம்புவதை எழுத வேண்டியதுதான். புதிதாக வந்தவர்களுக்கு மேசையில் ஒரு கைக்கண்ணாடி கொடுப்பார்கள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டு நாலு வருடம் ஆகிறது. ஐம்பது முகத்துக்கு ஒரு தடவை வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டுப் பத்து நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்த விதி. பாப்பா பிறந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து அந்தப் பத்து நிமிடங்களை அவள் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போய்விடலாம்.

"துணி போட்டியா இல்லையா?" என்று மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கேட்டாள். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா.

"போட்டேன் அக்கா."

"பொய் சொல்லாதே. துணி காஞ்சு கிடக்கு. மூஞ்சி இறுகிப்போயிடும்டீ, அப்புறம் உன் பொண்ணு உன்னைப் பார்த்துப் பயந்துக்கும்" என்று கண்ணாடி அக்கா சிரித்தாள். சிரிப்பின் நடுவில், பல் முழுவதும் தெரிந்த அந்த இடத்தில், மேலுதட்டின் இடது ஓரம் தனியாக ஒரு படி மேலே போய் இறங்கியது.

ஒன்பது ஃபிரேம்.

அவள் காலையிலேயே குளித்திருந்தாள். பல்லைத் தேய்த்திருந்தாள். ஆகவே நாற்றம் இல்லை. வேறு என்னவோ.

மாலையில் நாத்தனார் கதவைத் திறந்தாள். கணவரின் தங்கை, தையல் வகுப்புக்கு மாலையில் போகிறவள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வாயாடி.

"வாங்க அண்ணி. உங்க பொண்ணு இன்னிக்கு என் மூக்கைத் தின்னப் பார்த்தா. ரெண்டு பல்லு மட்டும் இருந்திருந்தா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது."

அவள் சிரிக்கத் தயாரானாள். அதற்குள் நாத்தனாரின் முகத்தில் அது வந்துவிட்டது. இடது ஓரம். ஈறு தெரிந்தது. பதினொன்று. சாப்பிட்டது எதுவோ பல் இடுக்கில் பச்சையாக ஒட்டியிருந்தது.

"என் மேல ஏதாவது நாறுதா?"

"ஐயோ, என்ன அண்ணி? சோப்பு வாசனைதான் வருது." அவள் உண்மையாகவே பதறினாள். பதறும்போதும் அது வந்தது.

அன்று இரண்டு தடவை குளித்தாள். நார் போட்டு அக்குளையும் கழுத்தையும் தோல் எரியும்வரை தேய்த்தாள். காதுக்குப் பின்னால், தொப்புளில், கால்விரல் இடுக்குகளில் எல்லாம் விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். ஒவ்வொரு இடத்திலும் மனித உடம்பின் ஒரு சின்ன அழுகல் இருக்கத்தான் செய்தது. இதை எல்லாம் இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே குமட்டியது.

பிறகு பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு மாதம். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றி, புருவம், சப்பை மூக்கு, பால் சப்பிக் கொப்புளம் வந்து ஆறிய மேலுதடு. ஒன்றும் வரவில்லை. கண்ணைப் பார்த்துச் சிரித்தது, சிரிப்பு சிரிப்பாகவே இருந்து சிரிப்பாகவே முடிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் தன்னைப் பார்த்து முகம் சுளிக்காத ஆள் இது ஒன்றுதான்.

அதோடு ஒரு பயமும் வந்தது. போன வருடம் சோதனைக் கூடத்தில் குழந்தைகளுக்கான கூழ் ஒன்றைச் சோதித்தார்கள். குழந்தைகள் கூழை வாயில் வைத்ததும் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்தால் விழுங்கும். அம்மா வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தால் வெல்லமாக இனிக்கிற கூழையும் துப்பிவிடும்; நாலைந்து தடவைக்குப் பிறகு அம்மா சுளிக்காவிட்டாலும் தானே சுளித்துக்கொள்ளும். அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. பகல் முழுவதும் நாத்தனார் முகத்தையும் மாலை முழுவதும் கணவர் முகத்தையும் பார்த்து வளர்கிற குழந்தை, நாளைக்கு அம்மாவைப் பார்க்கும்போது எந்த முகத்தோடு பார்க்கும்? அது மட்டும் நடக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள்.

அடுத்த வாரம் முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் கணவர் பேசப் பேச அவருடைய சொற்கள் காதில் விழாமல் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, அவள் கண் அந்த உதட்டு ஓரத்திலேயே கிடந்தது. உதட்டின் ஈரம், மூலையில் சேரும் வெள்ளை நுரை, மழிக்காமல் விட்ட ஒற்றை மயிர், மென்றதை நாக்கு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளும்போது வெளியே தெரியும் புடைப்பு. மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள் என்பதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கண் அவள் பக்கம் திரும்பிய உடனே அது வந்தது. பதினைந்து ஃபிரேம். மறுநாள் பதினெட்டு. அது நீண்டுகொண்டிருந்தது.

கால் விநாடியைத் தாண்டிய முகபாவம் அதைக் காட்டுகிறவனுக்கே தெரிந்துவிடும் என்பது அவள் படித்த பாடம். இவர்களுக்குத் தெரியவில்லை. அரை விநாடிக்கு மேல் ஈறைக் காட்டிக்கொண்டு, அதே நேரத்தில், "இன்னொரு முட்டை வைக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார்கள்.

"உங்களுக்கு என்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கா?" என்று ஓர் இரவு சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டுவிட்டாள்.

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னது?"

"என்னைப் பார்க்கும்போது உங்க உதடு ஏறுது. நான் எண்ணிட்டேன்."

"நீ என் மூஞ்சியைப் பார்த்துப் பேசறியா, இல்ல மூஞ்சியை எண்ணறியா?" அவருக்குக் கோபம் அடிக்கடி வராது. "ஒரு வாரமா நான் என்ன சொன்னாலும் பதில் இல்ல. நேத்து என் வேலை போயிடும்போல இருக்குன்னு சொன்னேன். தெரியுமா உனக்கு? காதுல விழுந்துதா?"

விழவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கிய கண்களுக்குக் கீழே மேலுதடு ஏறி, இருபத்திரண்டு ஃபிரேம் நின்று, இறங்கியது.

"பாருங்க, இப்பக்கூட!" என்று கத்தினாள்.

நாத்தனார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போகப் பார்த்தாள். அவள் பாய்ந்து நாத்தனார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அவளை நீ பார்க்காதே. யாரும் பார்க்காதீங்க."

மறுநாள் லீவு சொன்னாள். பாப்பாவோடு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். கணவர் கதவுக்கு வெளியே நின்று ஏதேதோ சொன்னார். முகம் இல்லாத வெறும் குரல் கேட்க நன்றாகவே இருந்தது, நம்பக்கூடத் தோன்றியது. மூன்று நாள். பாலும் கூழும் ஊட்டி, துடைத்து, தூங்கவைத்து, விழித்ததும் குனிந்து சிரித்துக் காட்டி, பாப்பாவின் கண்ணுக்குத் தன் முகத்தைத் தவிர வேறு முகம் படாமல் பார்த்துக்கொண்டாள். அறையில் காற்று இல்லை. மூத்திரத் துணி, கக்கிய பால், எச்சில் பட்ட தலையணை, எல்லாம் சேர்ந்து கனமான ஒரு வாடை தரையிலிருந்து எழும்பிக்கொண்டே இருந்தது. பாப்பா முதல் நாள் கொஞ்சம் அழுதாள். பிறகு அழவில்லை. அம்மாவின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நாலாம் நாள் கணவருக்கு விடுமுறை. மதியம் கதவைத் தட்டினார். "ஒரு வேளை எங்களோட உட்கார்ந்து சாப்பிடு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்கறேன். டாக்டர்கிட்டப் போகணும்னா போலாம். போக வேணாம்னா வேணாம்."

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பார்த்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள். காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும். பாப்பா தூங்கியதும் வெளியே வந்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில், தட்டுகளுக்கு நடுவே கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பதிவை ஓடவிட்டாள். மேசையில் மூன்று பேரும் தெரியும்படி.

நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. சூப்பும் ரொட்டியும். கணவர் ஜாக்கிரதையாகப் பேசினார். நாத்தனார் தைத்த முதல் சட்டையின் இரண்டு கையும் ஒரே பக்கம் வந்துவிட்ட கதையைச் சொன்னாள். அவளும் அன்று தன்னால் முடிந்தவரை நன்றாக நடந்துகொண்டாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, வேண்டுமென்றே, அன்பாகச் சிரித்தாள். அவர்கள் பதிலுக்குத் திரும்பினார்கள். முப்பது ஃபிரேம். ஒரு முழு விநாடி. சூப்பின் கொழுப்பு பளபளக்கும் ஈறுகளோடு, இரண்டு பேரும். நாத்தனாரின் தாடையில் ஒரு சொட்டு வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு மாட்டிக்கொண்டார்கள் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். தாழ் போட்டாள். பாப்பா மரத்தொட்டிலில் சுவர் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தொட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, பதிவை மெதுவாக ஓடவிட்டு, காகிதத்தில் கோடு போட்டாள். சோதனைக் கூடத்தில் செய்வதுபோலவே. ஆளுக்கு ஒரு வரிசை, தொடக்கம், முடிவு.

கணவர் நாத்தனாரிடம் பேசுகிற இடம் முதலில் வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. களைத்த, கவலையுள்ள, சாதாரண முகம். நாத்தனாரும் அப்படியே. பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். உதடு ஏறியது. நானூற்றுப் பன்னிரண்டாம் ஃபிரேம். எழுதினாள்.

மூன்று பேரையும் குறிப்பதுதான் முறை. தன் வரிசைக்கும் எண் போட வேண்டும். திரையின் வலது ஓரத்தில் தெரிந்த தன் முகத்தைப் பெரிதாக்கினாள்.

நானூற்று ஐந்து.

இடது ஓரம். மூக்கில் சுருக்கம். கோரைப்பல்.

தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று திரும்ப ஓட்டினாள். நானூற்று ஐந்துதான். அடுத்த இடத்துக்குப் போனாள். நாத்தனாருடையது எழுநூற்று முப்பது. தன்னுடையது எழுநூற்று இருபத்து மூன்று. அடுத்தது. அதற்கு அடுத்தது. எல்லாம் ஏழு. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் அது முதலில் வந்தது. எதிரில் இருந்தவர்கள், பாவம், ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவரும் விடுவதுபோல, ஏழு ஃபிரேம் கழித்து அதை வாங்கிக்கொண்டார்கள். அவள் கண்ணை எடுத்ததும் அவர்கள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

அவளுடையது ஆகவில்லை.

அதையும் பார்த்தாள். நாலாவது நிமிடத்தில் அவள் உதடு ஏறியது. இறங்கவில்லை. ஐந்தாவது நிமிடம். ஆறாவது. ரொட்டியைக் கடித்தபோது, மென்றபோது, தண்ணீர் குடித்தபோது, ஏறியே இருந்தது. மென்ற கூழ் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே வந்து நின்றது. உள்ளே போனது. மறுபடி வந்தது. அந்த முகத்தோடு கணவரைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், தலையைச் சாய்த்தாள். இதுதான் அன்பாகச் சிரித்த இடம். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே சிரிப்புதான் இருந்தது.

அவர்கள் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து கடைசிவரை மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

அவள் விரலை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனாள். உதடு இருக்க வேண்டிய இடத்தில் பல் தட்டுப்பட்டது. காய்ந்த பல். அதற்கு மேல் ஈறு. அதுவும் காய்ந்திருந்தது. உதடு அதற்கும் மேலே மடங்கி, ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. எத்தனை நாளாக என்றும்.

மூன்று நாள்.

தூங்கவைத்தபோது. பால் கொடுத்தபோது. குனிந்து குனிந்து சிரித்துக் காட்டியபோது.

பின்னால் தொட்டில் அசைந்தது.

மெத்தையில் கை தட்டும் சத்தம். கம்பியைப் பிடித்து எழுந்து உட்காரும் சத்தம். பிறகு, "ங்கா" என்று ஒரு குரல். சந்தோஷமான குரல். தூங்கி எழுந்து அம்மாவைக் கூப்பிடும் குரல்.

அவள் திரும்பவில்லை.

நாலு விரலையும் உதட்டின் மேல் வைத்து அழுத்தினாள். ஒட்டியது பிய்ந்து வந்தது. எரிந்தது. விரலுக்கு அடியில் தசை வெடவெடவென்று துடித்தது, மேலே போகப் பார்த்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணால் மட்டும் சிரித்தால் போதும். கண்ணால் சிரிக்கலாம். பாப்பா பார்க்கட்டும். ஒரு தடவை. சரியாக.

"ங்கா."

திரும்பினாள்.

திரைச்சீலை வழியாக வெயில் நேராகத் தொட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலுதடு மூக்கைத் தொடும்படி மடங்கி ஏறியிருந்தது. பல் முளைக்காத ஈறு முழுவதும் வெளியே, சிவந்து, எச்சில் வழிய. மூக்கு கொத்தாகச் சுருங்கியிருந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அதன்மேல் திரிந்த பால் கட்டியாக உட்கார்ந்திருந்தது.

ஏழு. பதினைந்து. முப்பது.

அறுபது.

இறங்கவில்லை. கண்கள் மின்னின. கைதட்டக் கற்றுக்கொண்ட அன்று இப்படித்தான் பார்த்தாள். அம்மாவுக்குப் பிடித்த ஒன்றைச் செய்துவிட்ட பெருமையோடு. தொண்டைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே, அம்மாவும் காட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

அவளுக்கு அந்த ஈறையும் அந்தத் திரிந்த பாலையும் பார்க்கப் பார்க்க அருவருப்பு கிளம்பியது. தன் பெண். தன் சொந்தப் பெண். அடிவயிற்றிலிருந்து நிஜமாகவே குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியிருந்த கைகள் நனைந்து வழுக்கின. விரல்களுக்கு நடுவில் உதடு நழுவி மேலே ஏறியது.

பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். கால்களை உதைத்துக்கொண்டு, ஏறிய உதடு ஏறியபடியே, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.